கரை சேர்ந்த பின்

புனே நகரில் கடல் இல்லை. மும்பைத் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்து, தக்காணப் பீடபூமியின்மேல் அமைந்திருக்கிறது அந்நகரம். ஆயினும் இந்தியக் கடற்படையினர் பலரின் வாழ்வில் புனே மாவட்டத்திற்குத் தனி இடம் உண்டு. நகரை அடுத்த கடக்வாஸ்லாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமி உள்ளது. முப்படைகளிலும் அதிகாரிகளாகப் போகும் இளையோர் அங்கு ஒன்றாகப் பயில்கின்றனர். கடற்படைப் பிரிவைத் தேர்ந்தோர் படகு செலுத்தப் பழகுவது கடக்வாஸ்லா ஏரியின் நன்னீரில்தான். மலைமேல் உள்ள லோணாவளாவில் ஐ.என்.எஸ். சிவாஜி என்னும் தளம் இருக்கிறது. பெயரைக் கேட்டால் கப்பல் போலத் தோன்றும். கடற்படை தன் கரைத் தளங்களுக்கும் கப்பல்களைப் போலவே பெயர் சூட்டுவது மரபு. 1945 முதல் அங்குக் கப்பல் எந்திரங்களை இயக்கவும் பழுதுபார்க்கவும் கற்பிக்கின்றனர்.

இவ்விடங்களில் பயின்றோரும் பயிற்றுவித்தோரும் மீண்டும் கப்பலுக்கு மாற்றப்படுவது வழக்கம். பிள்ளைகளின் படிப்பு தடைப்படாமல் இருக்கக் குடும்பம் புனேயிலோ லோணாவளாவிலோ தங்கிவிடுவதும் உண்டு. அவர்களுள் தமிழ்க் குடும்பங்களும் அடங்கும். அத்தகைய வீடுகளில் ‘செய்லிங்’ என்னும் சொல் எல்லார்க்கும் தெரியும். “அப்பா செய்லிங் போயிருக்கிறார்” என்று ஒரு குழந்தை கூறினால், தந்தை கப்பலோடு கடலுக்குச் சென்றுள்ளார், எப்போது திரும்புவார் என்பது உறுதியில்லை என்று பொருள்.

கடற்படைக் கப்பல் ஏன் மாதக்கணக்கில் வெளியே இருக்க வேண்டும்? நாட்டின் கடற்கரையைக் காப்பது மட்டும் அதன் வேலையன்று. நாட்டிற்கு வரும் எண்ணெயும் நாட்டிலிருந்து செல்லும் சரக்கும் பெரும்பாலும் கடல்வழியே செல்கின்றன. அவ்வழிகளில் ஒன்று ஏடன் வளைகுடா. சோமாலியக் கடற்கொள்ளையர் அங்கு வணிகக் கப்பல்களைக் கவரத் தொடங்கியதால், 2008 அக்டோபர் முதல் இந்தியப் போர்க்கப்பல்கள் அப்பகுதியில் மாறி மாறிக் காவல் புரிந்து வருகின்றன. 2024 மார்ச்சு மாதம் ஐ.என்.எஸ். கொல்கத்தா என்னும் போர்க்கப்பல், கொள்ளையரிடம் சிக்கியிருந்த ‘ரூவென்’ என்னும் சரக்குக் கப்பலைத் தொடர்ந்து சென்று மடக்கியது. இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தொலைவில் நடந்த அந்நடவடிக்கை 40 மணி நேரம் நீடித்தது. கப்பலில் இருந்த 17 பணியாளர்கள் காயமின்றி மீட்கப்பட்டனர். 35 கொள்ளையர் சரணடைந்தனர். மார்ச்சு 23ஆம் நாள் கப்பல் மும்பைக்கு வந்து அவர்களைக் காவல்துறையிடம் ஒப்படைத்தது. செய்தித்தாளில் இது இரண்டு பத்திச் செய்தி. கப்பலில் இருந்தோரின் வீடுகளிலோ அந்நாள்களில் தொலைபேசி மணி அடிக்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. போர்க்கப்பல் எங்கே இருக்கிறது, அடுத்து எந்தத் துறைமுகத்திற்குச் செல்லும் என்பனவற்றை வெளியே சொல்லக் கூடாது. நடவடிக்கையின்போது கப்பலிலிருந்து எவ்விதத் தனிப்பட்ட தொடர்பும் இராது. மற்ற நாள்களிலும் இணைய வசதி கிடைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை. முற்காலத்தில் கடிதம் ஒன்றே வழி. கடிதத்தின் மேல் மாலுமியின் பெயரும் கப்பலின் பெயரும் எழுதி, ‘கடற்படை அஞ்சல் நிலையம், மும்பை’ என்று முகவரியிட்டால் போதும். கப்பல் எந்தக் கடலில் இருக்கிறது என்பதை எழுதுபவர் அறிய வேண்டியதில்லை. அஞ்சல் நிலையம் தேடிச் சேர்ப்பிக்கும். எழுதிய கடிதத்திற்கு விடை வரும்போது, கேட்ட கேள்வியே மறந்து போயிருக்கும்.

பிறரை வீட்டிற்குக் கொண்டு சேர்ப்பதற்காகவே கடற்படையினர் தம் வீட்டைப் பிரிந்திருந்த காலமும் ஒன்று உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றால் விமானங்கள் நின்றபோது, ‘சமுத்திர சேது’ என்னும் பெயரில் கடற்படைக் கப்பல்கள் மாலத்தீவு, இலங்கை, ஈரான் ஆகிய நாடுகளுக்குச் சென்றன. அங்குத் தவித்த 3,992 இந்தியரை 55 நாள்களில் தாயகம் சேர்த்தன. அவற்றுள் ஒன்றான ஐ.என்.எஸ். ஜலாஷ்வா, சூன் 2ஆம் நாள் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. இறங்கியோர் வீட்டை நோக்கிப் புறப்பட்டனர். கப்பல் மீண்டும் கடலை நோக்கித் திரும்பியது.

பிரிந்து சென்றவர் வருவார் என்று காத்திருப்பது தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று. சங்கப் புலவர்கள் காடும் காடு சார்ந்த நிலத்தையும் முல்லை என்றனர். தலைவன் திரும்பும் வரை ஆற்றியிருத்தலை முல்லைத் திணைக்கு உரிய ஒழுக்கமாக வைத்தனர். அதற்குரிய பொழுது கார்காலம், அதாவது மழைக்காலம். “மழை தொடங்குமுன் வருவேன்” என்று சொல்லிப் போருக்குச் சென்றவனை, மழை தொடங்கிய பின்னும் காணாமல் தலைவி தவிக்கிறாள். பத்துப்பாட்டு நூல்களுள் மிகச் சிறியதான முல்லைப்பாட்டு இதையே பாடுகிறது. நப்பூதனார் என்னும் புலவர் இயற்றிய அந்நூலுக்கு 103 அடிகளே உண்டு. அதில் முதிய பெண்கள் நற்சொல் கேட்பதற்காக ஊர்ப்புறத்தில் நிற்கின்றனர். ஆயர் மகள் ஒருத்தி, தாய்ப்பசுவைக் காணாமல் வருந்தும் கன்றிடம், உன் தாய் இப்போதே வந்துவிடும் என்று தேற்றுகிறாள். அச்சொல்லையே அவர்கள் நல்ல அறிகுறியாகக் கொண்டு தலைவிக்கு ஆறுதல் கூறுகின்றனர். மறுபுறம் பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட யானைகளையும் உயிர் துறந்த வீரர்களையும் எண்ணியபடி இருக்கிறான். வீட்டில் இருப்பவளுக்கு அவனது இரவு தெரியாது. அவனுக்கும் அவளது இரவு தெரியாது. இறுதியில் வெற்றியோடு திரும்பும் அவனது தேரில் பூட்டிய குதிரைகளின் ஒலி தலைவியின் செவியில் நிறைகிறது. பாட்டு அங்கே முடிகிறது.

சங்க காலத்தில் பிரிந்து செல்பவன் ஆண், காத்திருப்பவள் பெண். பெண்ணை உடனழைத்துக் கடற்பயணம் செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பியமும் குறிப்பிடுகிறது. அவ்வழக்கம் இன்று மாறிவிட்டது. 2017 செப்டம்பர் 10 அன்று கடற்படைப் பெண் அதிகாரிகள் அறுவர், தாரிணி என்னும் பாய்மரப் படகில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றினர். 254 நாள்களுக்குப் பின், 2018 மே 21 அன்று அவர்கள் திரும்பியபோது கோவாவில் வரவேற்றவர், மதுரையில் பிறந்தவரும் அன்றைய பாதுகாப்பு அமைச்சருமான நிர்மலா சீதாராமன். அதே படகில் 2024 அக்டோபர் 2 அன்று இருவர் மட்டும் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா, மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமி. இருவரும் லெப்டினன்ட் கமாண்டர் பதவியில் இருப்பவர்கள். தாரிணியின் நீளம் 56 அடி, அதாவது ஏறத்தாழ 17 மீட்டர். அதனுள் எட்டு மாதங்கள் வாழ்ந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் மட்டும் கரை தொட்டு, 25,000 கடல் மைலுக்கும் மேல் கடந்தனர். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர்.

வழியில் பசிபிக் பெருங்கடலில் ‘நீமோ முனை’ என்னும் இடத்தையும் அவர்கள் கடந்தனர். பெயர்தான் முனை, அங்கு நிலமே இல்லை. எத்திசையில் சென்றாலும் கரையை அடைய ஏறத்தாழ 2,688 கிலோமீட்டர் செல்ல வேண்டும். உலகில் கரையிலிருந்து மிகத் தொலைவான இடம் அதுவே. தலைக்கு மேலே விண்வெளி நிலையம் கடக்கும்போது, அதில் உள்ளோரே பக்கத்தில் இருக்கும் மனிதர் ஆகிவிடுகின்றனர். அங்கிருந்து மீண்டு, 2025 மே 29 அன்று கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் இருவரும் முறைப்படி வரவேற்கப்பட்டனர். பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் வரவேற்பில் கலந்துகொண்டார். மறுநாள், மே 30 அன்று, புனேயில் வேறொரு நிகழ்வு நடந்தது. கடக்வாஸ்லா அகாடமியில் பயிற்சி முடித்த முதல் பெண்கள் அணியினர் 17 பேர், ஆண்களோடு அணிவகுத்து வெளியேறினர். இனிக் கப்பல் திரும்பும் நாளில் கரையில் காத்து நிற்போருள் கணவரும் தந்தையரும் மிகுதியாகவே இருப்பர்.

கப்பல் திரும்பும் நாள் திருவிழா போன்றது. தளத்தில் கடற்படை இசைக்குழு வாசிக்கும். மாலுமிகள் வெண்ணிறச் சீருடையில் மேல்தளத்தின் விளிம்பில் வரிசையாக நிற்பர். குழந்தைகள் கையெழுத்திட்ட அட்டைகளை உயர்த்திப் பிடிப்பர். தடித்த கயிறுகளால் கப்பலைக் கரையோடு கட்டி முடிக்கும்வரை எவரும் இறங்க இயலாது. கண்ணுக்கு எதிரே இருந்தும் அணுக முடியாத அந்த நேரமே மிக நீண்டது என்று காத்திருந்தோர் கூறுவதுண்டு. பின்னர் படிப்பலகை இறக்கப்படும், ஓட்டமும் கட்டிப்பிடிப்பும் கண்ணீரும் காணலாம். நாளிதழில் வெளியாகும் படமும் அதோடு நின்றுவிடும், முல்லைப்பாட்டு குதிரையொலியோடு நின்றுவிட்டதைப் போல.

ஆனால் வீடு திரும்புதல் அன்று முடிவதில்லை. அமெரிக்கக் கடற்படையினரின் மனைவியரோடு பழகி அவர்தம் அனுபவங்களை ஆராய்ந்த கேத்லீன் வெஸ்டல் லோகன், 1987ஆம் ஆண்டு இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கடற்பயணத்தால் ஏற்படும் பிரிவைக் குடும்பம் ஏழு நிலைகளாகக் கடக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. முதல் நிலை கப்பல் புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே தொடங்கிவிடுகிறது. காரணம் புலப்படாத கோபமும் சிறு சண்டைகளும் அப்போது எழுகின்றன. வியப்பு என்னவெனில், ஏழனுள் இறுதி இரண்டு நிலைகள் வந்தவர் வீட்டிற்குள் நுழைந்த பின்னரே தொடங்குகின்றன. திரும்பி வந்தவரும் வீட்டில் இருந்தோரும் ஒருவர்க்கொருவர் மீண்டும் பழக வேண்டியிருக்கிறது. அதற்குச் சில நாள்கள் அல்ல, பல வாரங்கள் தேவைப்படும்.

முதலில் உடல் திரும்ப வேண்டும். மனிதனின் உட்செவியில் நீர்மம் நிறைந்த நுண்குழல்கள் உள்ளன. உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை அவை மூளைக்கு உணர்த்துகின்றன. கப்பலில் தரை எப்போதும் அசைவதால், அசைவே இயல்பு என்று மூளை கற்றுக்கொள்கிறது. கரைக்கு வந்ததும் அசையாத தரை அசைவதாகத் தோன்றும். குளியலறையில் கண்ணை மூடினால் சுவர் சாய்வது போல் இருக்கும். பெரும்பாலோர்க்கு ஓரிரு நாளில் இது நீங்கிவிடும். உறக்கம் அவ்வளவு விரைவில் சீராவதில்லை. கப்பலில் பணி நேரத்தை ‘வாட்ச்’ என்பர். நான்கு மணி நேர வாட்ச் ஐந்தும், மாலையில் இரண்டு மணி நேர வாட்ச் இரண்டுமாக ஒரு நாள் ஏழாகப் பிரியும். ஏழு ஒற்றைப்படை எண் ஆதலால் முறை நாள்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒருவருக்கே எப்போதும் நள்ளிரவுப் பணி அமையாது. நியாயமான ஏற்பாடுதான், ஆனால் உடலுக்கு இரவு எது, பகல் எது என்பது மறந்துபோகும். எந்திரத்தின் இரைச்சலிலேயே உறங்கிப் பழகியவர்க்கு வீட்டின் அமைதியில் தூக்கம் வராது. நன்னீரை அளந்து செலவிட்ட பழக்கத்தால், பிள்ளைகள் குழாயைத் திறந்து வைத்தபடி பல் துலக்குவதைக் கண்டால் அவருக்குச் சினம் எழும். ஏன் என்று பிள்ளைகளுக்கு விளங்காது.

உடலை விட வீடு கடினமானது. தந்தை இல்லாத ஆறு மாதங்களில் வீடு நின்றுவிடவில்லை. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தவர், பள்ளியில் ஆசிரியரைச் சந்தித்தவர், காய்ச்சல் வந்த குழந்தையை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றவர், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் எல்லாம் தாயே. சொந்த ஊராக இருந்தால் தாத்தா, பாட்டி, மாமா, அத்தை என யாரேனும் துணை நிற்பர். புனேயில் தமிழ்க் குடும்பத்திற்கு வாய்ப்பது பக்கத்து வீட்டு மராத்திய ஆஜியும், தெரு முனை மளிகைக் கடைக்காரரும்தான். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. அவர்களைக் கொண்டே தாய் ஒரு முறையை அமைத்துக்கொள்கிறார். மூத்த பிள்ளை தம்பியைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுகிறது. யார் எதைச் செய்வது என்பதெல்லாம் பேசாமலே முடிவாகிவிட்டது. அந்த ஒழுங்கிற்குள் தந்தைக்கென வேலை எதுவும் மீதமில்லை.

இந்நிலையில் தந்தை வருகிறார். பருப்பு டப்பா எங்கே என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனதே ஒரு சிறு வருத்தம். “நானே பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள்” என்று தாய் அன்போடுதான் கூறுகிறார். கேட்பவர்க்கோ தாம் விருந்தினர் ஆகிவிட்டது போலத் தோன்றுகிறது. கடைக்குச் செல்ல அனுமதி கேட்கும் பிள்ளை, தந்தை அருகிலேயே அமர்ந்திருக்க, அடுக்களைக்குச் சென்று தாயிடம் கேட்கிறது. இதில் எவர் மீதும் தவறு இல்லை. ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டால், ஒவ்வொருவரும் மற்றவர்க்குத் தம்மீது அன்பு குறைந்துவிட்டது என்று எண்ணிக்கொள்வர். வந்தவுடன் எல்லாவற்றையும் தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம், முதல் சில நாள்கள் வீடு எவ்வாறு நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள் என்று அனுபவம் வாய்ந்தோர் அறிவுறுத்துவது இதனால்தான்.

குழந்தைகள் வயதிற்கு ஏற்ப வேறுபடுகின்றனர். கைக்குழந்தை தந்தையைப் புதியவராகக் கண்டு அழும். அது வெறுப்பன்று. பழகிய முகத்தையும் பழகாத முகத்தையும் பிரித்தறியும் வளர்ச்சியின் அடையாளமே அது. நான்கு வயதுப் பிள்ளை தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும், பிறகு ஒரு நொடியும் விட்டுப் பிரியாது, கடைக்குச் சென்றாலும் மீண்டும் போய்விடுவாரோ என்று அழும். பள்ளிப் பிள்ளையிடம் சில வேளை கோபம் தெரியும். பிறந்தநாளுக்கு வரவில்லை, ஆண்டு விழாவைப் பார்க்கவில்லை என்னும் கணக்கு அதனிடம் உண்டு. அக்கோபத்தை வெளிப்படுத்துவது தவறு என்று அடக்குவதை விட, தந்தை அதைக் கேட்டுக்கொள்வதே நல்லது. அவருக்கும் தாம் இழந்த நாள்களின் கணக்கு இருக்கும்.

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் குடும்பங்களில் இன்னொன்றும் நிகழ்கிறது. தெருவில் மராத்தி, வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பேசும் குழந்தைக்குத் தமிழ் பேசக் கிடைப்போர் வீட்டில் இருவர் மட்டுமே. அவர்களுள் ஒருவர் ஆறு மாதம் இல்லை என்றால், தமிழில் பாதி கடலுக்குப் போய்விடுகிறது. மூன்று வயதில் “அப்பா, தண்ணீர் வேண்டும்” என்று கேட்ட பிள்ளை, அவர் திரும்பும்போது “பாணீ” என்று கேட்கலாம். இதற்காகச் சில குடும்பங்கள் முன்னேற்பாடு செய்கின்றன. புறப்படுமுன் தந்தை தம் குரலில் கதைகளைப் பதிவு செய்து வைக்கிறார். பிள்ளை இரவுதோறும் ஒன்றைக் கேட்கிறது. பிள்ளையும் அன்றன்று நடந்ததைத் தமிழில் இரண்டு வரி ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து அதைப் படிக்கின்றனர். பல் விழுந்த நாள், மழையில் பள்ளி மூடிய நாள், ஆஜி பூரண்போளி கொடுத்த நாள் எல்லாம் அதில் இருக்கும். எழுத்துப்பிழைகள் இருந்தாலும் பரவாயில்லை. தாம் இல்லாத வீட்டைத் தந்தை அதன்வழியே சுற்றிப் பார்க்கிறார்.

நீண்ட பயணத்திற்குப் பின் மாலுமிகளுக்கு விடுப்பு உண்டு. பாதி விடுப்பு ஊருக்குச் செல்வதிலும் உறவினரைப் பார்ப்பதிலும் கழிந்துவிடும். ஆதலால் குடும்பத்திற்கு உண்மையில் காலம் கிடைப்பது கப்பல் பழுதுபார்ப்புக்குச் செல்லும்போதுதான். அதை ‘ரீஃபிட்’ என்பர். கப்பலை உலர்துறையில் நிறுத்தி, நீரை வெளியேற்றி, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டி, எந்திரங்களைப் பிரித்துச் சீர்செய்வர். லோணாவளாவில் கற்ற கல்வி அப்போது பயன்படும். வேலைக்குப் பல மாதங்கள் ஆகலாம். கப்பல் நீரின்றி நிற்கும் அம்மாதங்களில், மும்பையில் பணி முடித்த சனிக்கிழமைகளில் மாலுமி புனே செல்லும் தொடர்வண்டியில் ஏறுகிறார். வண்டி கர்ஜத்தில் கூடுதல் எந்திரத்தின் துணையோடு போர் கணவாயின் சுரங்கங்களைக் கடந்து ஏறுகிறது. இரவுச் சாப்பாட்டிற்கு வீட்டில் நான்கு தட்டுகள் வைக்கப்படுகின்றன. பருப்பு டப்பா எங்கே என்பது இப்போது அவருக்கும் தெரியும்.